மூன்றாவது வரி

"என் பேரு இல்ல."

ஹெங்யீ மூன்றாவது தடவையாக அந்தச் சிவப்புத் தாளைப் படித்தான். அப்பா பெயர், அம்மா பெயர். அதோடு சரி.

கோயில் சுவர் முழுக்கச் சிவப்புத் தாள்கள். உயிரோடு இருப்பவர்களின் நலனுக்காக வீட்டுக்கு ஒரு தாள் எழுதி ஒட்டி, ஒரு வாரம் சூத்திரம் ஓதி, கடைசி நாள் எரித்துவிடுவார்கள். அடுத்த வருஷம் புதுத் தாள். பிறந்ததிலிருந்து ஹெங்யீயின் பெயர் மூன்றாவது வரியில்தான் இருந்தது.

"எழுதினவங்க மறந்திருப்பாங்கடா" என்றான் பெய்யுவான்.

"முப்பது வருஷமா இந்தக் கோயில்ல காய் நறுக்கறாங்க எங்கம்மா. அவங்க வீட்டுத் தாளையா மறப்பாங்க?"

பெய்யுவான் பேச்சை மாற்றப் பார்த்தான். பக்கத்துத் தாளைக் காட்டினான். "இது உன் தங்கச்சிதானே? புருஷன், குழந்தைங்க எல்லாம் இருக்கு."

"கட்டிக்கொடுத்த பொண்ணு. அவளுக்குத் தனித் தாள். என்னைத்தான் தலைமுழுகிட்டாங்க."

ஆறு வருஷத்துக்கு முன்னால், பெய்யுவானை வீட்டுக்குக் கூட்டிவந்து, "இவனோடதான்மா என் வாழ்க்கை" என்று சொன்னபோது, அம்மா சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஒரே வார்த்தைதான் சொன்னாள். "போ."

போய்விட்டான். தைபேயில் வேலை, வாடகை வீடு, ஒரு கிழட்டுப் பூனை. அம்மா போன் பண்ணவில்லை. இவனும் அம்மா பிள்ளைதானே, ரோஷத்துக்கு என்ன குறைச்சல்? பண்ணவில்லை.

இப்போது சட்டம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முதல் ஆணும் ஆணும் கல்யாணத்தைப் பதிவு செய்யலாம். படிவத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றை ஆபீஸ் நண்பன் போட்டுவிட்டான். இன்னொரு இடம் காலி.

"யார் வேணா போடலாம்டா" என்று பெய்யுவான் ரயிலில் இருபது தடவை சொல்லிவிட்டான்.

"அம்மா போடணும்."

அந்தப் படிவம்தான் இப்போது ஹெங்யீயின் கையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

சட்டென்று எதிர்ச் சுவருக்குப் போனான். அது மஞ்சள் தாள்களின் சுவர். செத்துப்போனவர்களுக்கானது.

"டேய், அங்க எதுக்குடா போறே?"

"அவங்களைப் பொறுத்தவரை நான் செத்துட்டேனோ என்னவோ."

ஒவ்வொரு பெயராகத் தேடினான். அங்கேயும் இல்லை. செத்தவர்களோடுகூடச் சேர்க்கவில்லை.

மை தூரிகையோடு அந்தப் பக்கம் வந்த பிக்குணி நின்றார். "என்ன தேடறீங்க?"

"எங்க ஸூ குடும்பத் தாள்ல மகன் பேரை எடுத்தது யாருங்கம்மா?"

"நான்தான். உங்கம்மா எடுக்கச் சொன்னாங்க. ஆறு வருஷம் ஆச்சே. ஏன், நீங்க இந்தப் பக்கமே வரலியா?"

அதற்கு மேல் கேட்க அவன் அங்கே இல்லை. சமையலறைக்குள் நுழைந்துவிட்டான். "பொறுமையா, பொறுமையா" என்றபடி பெய்யுவான் பின்னாலேயே ஓடினான்.

அம்மா மற்ற பெண்களோடு மூங்கில் குருத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை ரொம்ப நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கத்தி ஒரு கணம் நின்றது.

"சாப்பிட்டியா?"

"என் பேரை ஏம்மா எடுத்தே?"

சமையலறையில் அத்தனை கத்திகளும் நின்றன.

"எறும்பு நல்லா இருக்கணும், புழு நல்லா இருக்கணும்னு காலையிலேர்ந்து ஓதறீங்க. பெத்த பிள்ளை நல்லா இருக்க வேணாமா? மஞ்சள் சுவர்லகூடத் தேடிட்டேன். அங்கயும் இல்ல!"

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. கையிலிருந்த துணியால் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பாவி! அங்க போய் ஏண்டா தேடினே? வாயைக் கழுவு முதல்ல!"

அவளுக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியதை மறைக்கக்கூட இல்லை. அவனை விட்டுவிட்டு பெய்யுவானிடம் திரும்பினாள்.

"நீ போய்ப் பாருப்பா. இவனுக்குக் கோவத்துல கண்ணு தெரியாது. உள்ளே, குவான்யின் சாமி காலடியில, இடது கைப் பக்கம்."

பெய்யுவான் போனான். அடுப்பில் காளான் சூப்பு பொங்கி வழிந்தது. அதை இறக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்தவன் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஹெங்யீ... உனக்குத் தனியா ஒரு தாள் இருக்குடா. அதுல ரெண்டு பேரு."

"ரெண்டா?"

"உன் பேரு. அடுத்த வரியில என் பேரு." அம்மா பக்கம் கையைக் காட்டினான். "என் பேரை இவங்ககிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அன்னிக்கு, அந்தச் சூப்பு முன்னாடி."

ஹெங்யீ அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கி, பலகையில் வைத்து, ஈரக் கையால் நீவினாள்.

"போன்னு சொன்னேன். வாஸ்தவம். ஆறு வருஷம் போவேன்னு கண்டேனா?" காலி இடத்தில் விரலை வைத்தாள். "இங்கதானே? பேனா குடு."

"அப்போ... நம்ம வீட்டுத் தாள்லேர்ந்து என்னை எடுத்தது?"

அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"கல்யாணமானவன் பேரு அப்பா அம்மா தாள்ல எப்படிடா இருக்கும்?"