துப்பிய மாத்திரைகள்

"மாத்திரையை எல்லாம் துப்பிட்டேன்" என்றார் பிளம்பர்.

சோற்றுத் தட்டோடு வந்த மனைவி அப்படியே நின்றாள்.

எந்த மாத்திரை என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் மாத்திரை என்றாலே அது ஒன்றுதான். பார்க்கச் சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும், ருசியும் ஏறக்குறைய அதேதான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குச் சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸ் உடம்பில் ஏறாமல் தடுக்கிற மாத்திரை. ஏறிவிட்டால் வினை. எலும்பில் இருக்கவேண்டிய சுண்ணாம்பு ரத்தக் குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உட்கார்ந்துவிட்டது.

காலையில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். இடுப்புக்குள் வெள்ளை வெளேரென்று இரண்டு கோடு. எலும்பாக்கும் என்று நினைத்தார் இவர். எலும்பில்லையாம், ரத்தக் குழாயாம். உப்புத் தண்ணீர் ஓடிய பைப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று பிளம்பருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பைப் என்றால் கழற்றிக் கடாசிவிட்டுப் புதுசு மாட்டிவிடுவார். இதை எங்கே போய்க் கழற்றுவது?

அந்தக் குழாயோடு சேர்த்துத்தான் மனைவி கொடுக்கவிருந்த கிட்னியைத் தைக்கவேண்டும். தைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதயத்துக்குப் போகிற குழாயிலும் இதே கதைதான். ஆபரேஷன் கிடையாது. இருக்கிறவரை டயாலிசிஸ்தான். எதுவரை இருப்பார் என்பது அந்த இதயத்தின் கையில்.

அந்த நேரத்தில் அவள் மேல்மாடியில், தன்னுடைய கடைசிப் பரிசோதனைக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

பாவம், என்ன ஆட்டம் ஆடினாள்! கிட்னி பொருந்துகிறது என்று சொன்ன அன்றைக்கு ஏதோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய மாதிரி போனைப் போட்டு ஊரையே கூட்டிவிட்டாள். எடையைக் குறைக்கச் சொன்னார்களா, மூட்டு வலியோடு தினமும் நடந்தாள். "அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, பாகம் பிரிச்சாச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பை, துணிமணியோடு கட்டிலுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

வீடு வந்து சேரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. வந்ததும் ஆபரேஷன் இல்லை என்றார். ஏன் என்று அவள் பிடித்த பிடியில்தான் மாத்திரை விஷயம் வெளியே வந்தது. வாயில் அடக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் துப்பிவிடுவாராம்.

"மனுஷனாய்யா நீ?"

கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' தவிர வேறு சொல் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. 'நீ' வந்த பிறகு எதுவும் நிற்கவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்றாள். துப்பியது மாத்திரையை இல்லை, என்னைத்தான் என்றாள். தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். அந்த ஆத்திரத்திலும் டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற இடது கையில் ஒரு அடி படாமல் பார்த்துக்கொண்டாள்.

அதைப் பார்த்துத்தான் அவருக்கு அழுகை வந்தது.

அவள் கொஞ்சம் ஓய்ந்ததும், டாக்டர் உத்தரவு என்று ஒன்றை மெல்ல எடுத்துவிட்டார். இனிமேல் மாத்திரையைச் சோற்றுக்கு நடுவிலேயே மென்று தின்னவேண்டுமாம், அதுவும் அவள் கண் முன்னாலேயே. அப்போதுதான் இவரை மாதிரித் திருட்டுமுழிகள் ஏமாற்ற முடியாதாம். மிச்சம் இருக்கிற குழாயையாவது கொஞ்சம் காப்பாற்றப் பார்க்கலாமாம்.

அவள் மூக்கைச் சிந்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் சோறு, ஒரு கடி மாத்திரை, மறுபடி ஒரு வாய் சோறு. நடுநடுவே ஆ காட்டச் சொல்லி, நாக்குக்கு அடியில் வரைக்கும் சோதனை போட்டாள். அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு மென்றார்.

தட்டைக் கழுவிவைத்து, அடுப்படியையும் துடைத்துவிட்டு வந்து அவள் மறுபடி உட்கார்ந்தாள். அவளுடைய போனில் அலாரம் அடித்தது.

பழக்கதோஷம், தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டாள்.

அந்த அலாரம் அவளே கண்டுபிடித்த வழி. மாத்திரையை எழுதிக் கொடுத்த புதிதில், சோற்றோடு தின்றதும் அவர் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. முதலில் சோறு நல்லா இறங்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை என்று முடிவுகட்டி அலாரம் வைத்தாள். வாந்தி நின்றது. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அவருக்கும்தான். காலையில், மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, அலாரம் வைத்துக் கொடுக்கிறாள், ஒரு வேளைகூடத் தப்பியதில்லை என்றார். சோற்றோடு வயிற்றில் கலந்தால்தான் அது வேலை செய்யும், சோறு இறங்கிய பிறகு தின்று புண்ணியமில்லை என்றார் டாக்டர். குழாய் இப்படி ஆனதற்குப் பல காரணம், இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

அவள் அந்தப் பல காரணத்தைக் காதில் வாங்கமாட்டாள். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சாகிறவரைக்கும் அழுவாள். அவருக்கு அவளைத் தெரியாதா என்ன?

அலாரத்தை நிறுத்திவிட்டு அவள் திரும்பினாள்.

"இத்தனை வருஷம் மணி பார்த்துப் பார்த்துக் குடுத்தேனே, அதுல ஒண்ணையாவது முழுங்கினியா?"

ஒன்று விடாமல் விழுங்கியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணுகூட இல்ல."