முதல் பேச்சு

கான் தெ மாஸ்க் கரும்புத் தோட்டத்தில் காத்தாயியின் புருஷன் ரங்கப்பன் செத்து நாலு மாதமாகிவிட்டது. கூலிகளை மேய்க்கும் சர்தாரோ, விடியற்காலையில் பெயர் கூப்பிடும்போது அவனையும் சேர்த்தே கூப்பிட்டார்.

"செத்தவன் பேரை அடிக்க ஒரு சொட்டு மை இல்லியா, சர்தாரே?" என்று அவளும் தினம் கத்துவாள்.

அன்றும் கூப்பிட்டார். "ரங்கப்பன்!"

"இருக்கேன்."

சொன்னது அவள் இடுப்பிலிருந்த மகன். இரண்டரை வயதாகியும் வாயே திறக்காத பிள்ளை. சர்தார் தலை நிமிராமல் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

காத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மான்னு ஒரு வார்த்தை சொன்னியாடா? முதல் பேச்சே இந்த ஆளுக்கா?"

அன்று பொழுதுக்கும் அவனை முதுகில் கட்டிக்கொண்டே களை பறித்தாள். ஒரு தடவைகூட இறக்கிவிடவில்லை.

சாயங்காலம் குளிப்பாட்டும்போது அவன் பிஞ்சு உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்திருந்தன.