தட்டில் நின்ற புளியமரம்

பெஞ்சமின் நகத்தால் கிளையை மெல்லக் கீறிப் பார்த்தார். பட்டைக்கு அடியில் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தது காய்ந்த பழுப்பு. அடிமரத்தில் கீறினார். அங்கேயும் அதே பழுப்புதான்.

முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தப் புளியமரம் அவருடையதல்ல. பினாங்குத் துறைமுக ஆபீசில் அவருக்கு மேலே பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருக்கும் ராமதாஸுடையது. ஊருக்குப் போயிருந்த மனைவி நவமணியைக் கூட்டிவர நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியபோது, ஆறு வாரம் பார்த்துக்கொள் என்று ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

சட்டியில் மரம் வளர்க்கும் பைத்தியம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பிடித்தது. ஆயர் ஈத்தாம் சீனக் கோயிலில் குட்டைக் குட்டையாக நின்ற மரங்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, செம்புக் கம்பியும் கத்தரியுமாகத்தான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஆனால் இந்தப் புளி வேறு மாதிரி. ராமதாஸின் மகள் புஷ்பவள்ளி, பால் டின்னில் மண்ணை நிரப்பி விளையாட்டாகப் புதைத்த கொட்டை அது. மூன்று வயதில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகு முளைத்தது. எட்டு வருஷமாக, வீட்டில் இருக்கும் நாளில் நவமணி அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் காலையில் காபி குடித்ததில்லை.

ஒப்படைத்த அன்று மரம் புதுத் தட்டில், புது மண்ணில் நின்றது. ஓர் இலைகூட இல்லை. தானே எல்லாவற்றையும் கிள்ளிவிட்டதாகவும், இனிமேல் சின்னச் சின்ன இலையாகத் துளிர்க்கும் என்றும் ராமதாஸ் சொன்னார். பெஞ்சமினும் தன் மரத்துக்கு அப்படிச் செய்கிறவர்தான். துளிர் வரும்வரை கிளையில் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு ராமதாஸ் ரிக்‌ஷாவில் ஏறினார்.

மூன்று வாரமாகியும் துளிர் இல்லை. நான்காவது வாரமும் போனது. இன்று பொறுக்க முடியாமல் நகத்தை வைத்துவிட்டார்.

மரம் ஏன் செத்தது என்று பெஞ்சமினுக்குத் தெரியும். இரண்டாவது வாரம் மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் ஒரு ஞானஸ்நான விருந்து. காலையில் போனவர், மழை பிடித்துக்கொண்டதால் மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினார். பினாங்குப் பட்டணத்தில் மழையே இல்லை. தட்டு மண் வெடித்துக் கிடந்தது.

கீறிப் பார்த்த அன்றிலிருந்து அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. சோற்றைப் பிசைந்தவர் பாதியில் எழுந்து பின்பக்கம் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஆபீசில் கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் பேனா அப்படியே நின்றது. நாகப்பட்டினத்துக் கப்பல் வர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது என்று தெரிந்தும், ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

மனைவி மார்த்தா உண்மையைச் சொல்லிவிடச் சொன்னாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடலாம் மார்த்தா. அந்த அக்கா மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"



பின்பக்கத்தில் பெஞ்சமினின் சொந்தப் புளி நின்றது. ராமதாஸின் மரத்தைப் பார்த்துப் பார்த்து, வளைவுக்கு வளைவு அதேபோலக் கம்பி கட்டி ஏழு வருஷம் வளர்த்தது. அடுத்த மலர்க் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோகப் போவதாக ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அதை வேர் மண் உதிராமல் தூக்கி, ராமதாஸின் தட்டில் இறக்கினார். செத்த மரத்தை அடுப்பில் வைக்க மனம் வராமல் வேலியோரம் குழிதோண்டிப் புதைத்தார். அன்று முழுக்க மார்த்தா அவரோடு பேசவில்லை. அவரும் காலியாகிப்போன தன் சட்டியை இரண்டு தடவை கழுவினார்.

கப்பல் வந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ராமதாஸ் வீட்டுக்குப் போனார். வழி நெடுக, தாய்க்குத் தெரியாமலா போகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

நவமணி ஓடிவந்து தட்டின் முன்னே உட்கார்ந்தாள். கொழுந்து இலைகளை ஒரு விரலால் தடவினாள்.

"நான் இல்லாட்டியும் எப்படித் தழைஞ்சிருக்கு பாருங்க" என்று கணவரிடம் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே காபி போட உள்ளே போனாள்.

ராமதாஸ் வாசலிலேயே நின்றார். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. முகத்தில் ரத்தம் இல்லை. அவருடைய பார்வை கிளை கிளையாக ஏறி இறங்குவதைப் பார்த்ததும் பெஞ்சமினுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கண்ணை ஏமாற்ற முடியாது.

"அண்ணே, இது என் மரம். ஒரு நாள் தண்ணி ஊத்தாம விட்டுட்டேன், உங்க மரம் பட்டுப்போச்சு. என்னை என்ன வேணா செய்யுங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ராமதாஸ் பெட்டியை மெதுவாக இறக்கினார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு பெஞ்சமினின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார்.

"அவகிட்டச் சொல்ல எனக்குத்தான் தைரியம் வரல."

பெஞ்சமினுக்கு விளங்கவில்லை.

"உன் கையில குடுக்கும்போதே அது செத்த மரம், தம்பி."