பழைய மூடி

“உள்ளே இருக்குற மெழுகு காஞ்சுபோனா கம்பிக்கு அடியில மைக் மாதிரி இருக்குற இந்த பிக்கப், கம்பிச் சத்தத்தோட பேச்சையும் சேர்த்து வாங்கும் மேடம்,” என்ற ரிப்பேர் கடை எட்வின், கிட்டாரின் மேல் குனிந்து “ஹலோ” என்றான். ஆம்ப்ளிஃபயரும் ஹலோ என்றது. ஷீபாவுக்குப் போன வாரமே புரிந்துவிட்டது. அவள் கணவன் ரூபன் அந்தக் கிட்டாரைச் சமையலறை வாசலில் சாய்த்துவைப்பான். ஒயரை உள்ளறை ஆம்ப்ளிஃபயர்வரை இழுத்து, கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிக்கொள்வான். அவள் தங்கையிடம் போனில் சொன்னதெல்லாம் சாப்பிடும்போது அவன் வாயிலிருந்து வரும்.

“பேச்சை வாங்காத பிக்கப்பா போடுங்க. மேல்மூடி மட்டும் பழசே இருக்கட்டும்.”

எட்வின் அவளை ஒருமுறை பார்த்தான். கீறல் விழுந்த அதே மூடியைப் புதியதன்மேல் பொருத்தினான்.

மறுநாள் வெங்காயம் நறுக்கியபடியே தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: எந்த பஸ், எத்தனை மணிக்கு, பெட்டி எங்கே இருக்கிறது. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

உள்ளறையிலிருந்து ரூபன் வாசலுக்கு வந்து நின்றான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கிய ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. குனிந்து, அங்கே சாய்த்திருந்த கிட்டாரின் மூடியை விரலால் தட்டினான். உள்ளறையில் ஆம்ப்ளிஃபயர் ‘டொக்’ என்றது.

“ஏன் ஷீபா,” என்றான் மெதுவாக, “தட்டினா கேக்குது. இன்னிக்கு யாருகிட்டயும் பேசலையா?”