அழாத பிள்ளை

ஆயா கையை நீட்டியதுமே அந்தப் பையன் அலறினான். அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆயா ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து, அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனாள். கதவை மூடிய பிறகும் அழுகை கேட்டது.

எல்.கே.ஜி.க்கான நேர்காணல். பெற்றோரிடம் பிரின்சிபால் பேசுவார். பிள்ளையை ஆயா தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து அறையில் டீச்சரிடம் விடுவாள். அங்கே அழாமல் இருந்து, கேட்டதற்குப் பதில் சொல்கிற பிள்ளைக்குத்தான் இடம்.

சின்னக்கருப்பன் மடியிலிருந்த மகள் பவதாரிணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சமயநல்லூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுக்கு இந்த இடமே பயமாக இருந்தது. அவன் மனைவி முருகம்மாள்தான் பிடிவாதமாக நின்றாள். "அந்த ஸ்கூல் பிள்ளைக எம்புட்டு அழகாப் பேசுதுக தெரியுமா? நம்ம பிள்ளையும் அங்கதான் படிக்கணும்."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் வாடிப்பட்டியில் சிமென்ட் வியாபாரம் செய்யும் பாண்டிராஜ். வரிசை நகரும் வரை அவருக்குப் பேச ஆள் தேவைப்பட்டது.

"சிபாரிசு யாரும் இருக்காங்களாண்ணே?"

"இல்லண்ணே. பிள்ளை நல்லாப் பேசும். அத நம்பித்தான் வந்தேன்."

பாண்டிராஜ் குரலைத் தாழ்த்தினார். "இங்க ரொம்பப் பாப்பாங்கண்ணே. போன வருசம் இவுங்க வேன் டிரைவரே தன் மகனுக்குக் கேட்டுருக்காரு. இங்க வேலை பாக்குறவுங்க பிள்ளைகள எடுக்குறதில்லைன்னுட்டாங்க. சீட்டும் இல்ல, கொஞ்ச நாள்ல வேலையும் இல்ல. பேரன்ட்ஸ் மீட்டிங்ல டிரைவரும் நம்மளும் பக்கத்துல பக்கத்துல உக்கார முடியுமா, நீங்களே சொல்லுங்க."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடலாமா என்று சின்னக்கருப்பனுக்குத் தோன்றியது. அதற்குள் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நேற்றிலிருந்து சொல்லிக்கொடுத்ததையே மகளின் காதில் மறுபடியும் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

உள்ளே ஏ.சி. குளிர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் ஆயா வந்து நின்றாள். சின்னக்கருப்பன் அவள் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையை நீட்டினான்.

பவதாரிணி அழவில்லை. ஆயாவின் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் அப்பாவுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாள்.

"பரவாயில்லையே," என்றார் பிரின்சிபால். "உக்காருங்க. என்ன பண்றீங்க?"

"லோடு வண்டி ஓட்டுறேன் மேடம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு. சொந்த வண்டிதான்."

"அம்மா வரலையா?"

"வேலைக்குப் போயிருக்கு மேடம். இன்னைக்கு லீவு கிடைக்காதுன்னுட்டாங்க."

"பிள்ளைக்கு இன்டர்வியூன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அதச் சொல்லிக் கேக்குற எடம் இல்லைங்க மேடம்."

பிரின்சிபால் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "என்ன மனுஷங்க அவங்க? ஒரு தாய்க்கு அரை நாள் விட மனசு வராதா?"

"அவுங்களக் குத்தம் சொல்லக் கூடாதுங்க மேடம். அந்த வேலை இல்லாட்டி வீடு ஓடாது."

"எந்த இடத்துல வேலை பாக்கறாங்க?"

சின்னக்கருப்பன் வாசல் பக்கம் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். பிரின்சிபால் பதிலுக்காகக் காத்திருந்தார். எதையாவது ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவன் வாயைத் திறக்கும்போது, நல்ல வேளையாகக் கதவு திறந்தது.

டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். "மேடம், கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டா. கலர், பழம், பாட்டு எல்லாமே. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. காலையிலேருந்து வந்த பிள்ளைங்கள்ல இவ ஒருத்திதான்."

டீச்சருக்குப் பின்னால் ஆயா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் இடுப்பில் பவதாரிணி சம்மணமிடாத குறையாகச் சொகுசாக உட்கார்ந்திருந்தாள்.

பிரின்சிபால் முகம் மலர்ந்தது. "இந்தத் தைரியம்தாங்க எங்களுக்கு வேணும். சிபாரிசோட வர்ற பிள்ளைங்ககிட்ட இது இருக்கறதில்ல. ஜூன் மாசத்திலேருந்து இவ எங்க பிள்ளை. சந்தோஷம்தானே?"

சின்னக்கருப்பன் எழுந்து கும்பிட்டான். இனி ஒரு நிமிஷம்கூட இந்த அறையில் இருக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. "வா தாயி, போவோம்," என்று கையை நீட்டினான்.

ஆயாவும் அவசரமாகக் குனிந்து பிள்ளையை இறக்கப் பார்த்தாள். பவதாரிணி இறங்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பிரின்சிபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையைச் சுற்றி வந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "எல்லாப் பிள்ளைங்களும் ஆயாவைப் பாத்தாலே கத்துதுங்க. நீ மட்டும் ஏன்டா கண்ணு அழல?"

பவதாரிணி அப்பாவைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். ஆனால் பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று நினைத்தாளோ என்னவோ, ஆயாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கம்மா தூக்குனா நான் எதுக்கு மிஸ் அழணும்?"