மூன்று ஜிபி வில்லுப்பாட்டு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. ஷிப்டு முழுக்க நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். காலை நீட்டிக்கொண்டே கேளுங்கள். சின்னக் கதைதான் சொல்லப்போகிறேன். கையிலிருக்கிற டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே செந்தமிழனின் செல்போன் கடை. காலை ஷிப்டு முடிந்து இறங்கிய பாண்டிச்செல்வி அறைக்குப் போகாமல் நேரே அங்கே வந்து நின்றாள்.

எட்டு மணி நேரம் லைனில் நின்ற கால். இன்னும் பத்து நிமிஷம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பழைய சார்ஜர்கள் குவிந்து கிடந்தன.

அவளுக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். அப்பா வனமாமலை, இருபது வருஷம் ஒரே வில்லுப்பாட்டுக் குழுவில் இருந்தவர். பங்குனியில் போய்விட்டார்.

அதற்கு முந்தைய கோயில் கொடைத் திருவிழாவில், யாரோ ஒரு கல்லூரிக்காரர் இரண்டு மைக் வைத்து ஒரு கதையை முழுதாகப் பதிவு செய்திருந்தார். அப்பாவின் பதினாறாம் நாளன்று வந்து, அதைப் பென்டிரைவில் போட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். தன் பேரைச் சொல்லத்தான் செய்தார். அன்றைக்கு இருந்த அழுகையில் அது யார் காதில் விழுந்தது?

அப்பாவுக்குப் போட்டோ நாலைந்து உண்டு. குரல் என்று இருப்பது அந்தப் பென்டிரைவில் மட்டும்தான்.

அதைச் செல்வி மூன்று மாதம் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். ஒருதரம்கூடக் கேட்டதில்லை. ஆறு பெண்கள் தங்கிய அந்த அறையில் கம்ப்யூட்டர் ஏது? அவள் போனும் பட்டன் போன்.

இருந்தது தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயர். ஒரு மாதம் லீவே போடாததற்குக் கம்பெனியில் கொடுத்த பரிசு. அதில் அப்பாவை ஏற்றிக்கொண்டால் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் கேட்கலாம். ஆனால் பதிவோ ஒன்றரை மணி நேரம், மூன்று ஜிபி. பிளேயருக்குள் நுழையாது, நுழைந்தாலும் அவ்வளவு உசத்தியான பதிவை அது பாடாது என்றான் செந்தமிழன். சுருக்கித் தருகிறேன், ரெண்டு நாள் கழித்து வா என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

அன்றே அவள் கடைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கேட்டிருக்கலாம். கடையில் கூட்டம். அத்தனை பேர் நடுவே அப்பாவைக் கேட்க மனம் வரவில்லை.

“இந்தாம்மா. அண்டாவத் தூக்கினு வந்து டிபன் பாக்ஸ்ல அடைக்கச் சொன்ன. அடைச்சிட்டேன்,” என்று இன்றைக்குப் பிளேயரை நீட்டினான் செந்தமிழன்.

அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

வில்லின் மணிகள் குலுங்கின. வில்லடித்துக் கதை பாடுகிற புலவரின் பாட்டு கணீரென்று எழுந்தது. உங்கப்பாவுக்கு நல்ல சாரீரம் என்று செந்தமிழன் கையாலேயே ஜாடை காட்டினான்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். கொஞ்சம் ஓட்டிக் கேட்டாள். இன்னும் ஓட்டினாள். மறுபடி முதலிலிருந்து, இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

வாசலில் ஒரு டிரெய்லர் லாரி போய் முடிந்தது.

“அண்ணே, இதுல எதையும் எடுத்துட்டியளா?”

அவன் பெருமையாகத்தான் சொன்னான். ரெண்டு மைக், ரெண்டு பக்கம்; ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அளவு பாதியாகிவிடும்.

“ஒரு பக்கம் புலவர் பாட்டு. இன்னொரு பக்கம் ஒருத்தர் குடத்தத் தட்டிக்கினு சும்மா ஆமா, ஆமான்னு சொல்லிக்கினே கீறாரு. அது இன்னாத்துக்குன்னு தூக்கிட்டேன்.”

“அவியதாண்ணே எங்கப்பா.”



புலவரின் மைக்கில் தூரத்துச் சத்தமாக ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சமும் சுருக்கியதில் கரைந்துபோயிருந்தது. பென்டிரைவ் மேசைமேலேயே இருந்தது. செந்தமிழன் அதைத் தொடவில்லை. அதற்குள் இப்போது இருநூறு சினிமாப் பாட்டு. தூரத்து ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கிற பிள்ளை, வெறும் பென்டிரைவாகத் திருப்பிக் கொடுத்தால் நன்றாக இருக்காதே என்று, அவள் கேட்காமலே, பெரிய பதிவை அழித்துவிட்டு நேற்றுதான் ஏற்றியிருந்தான். அழித்த இடத்தின்மேல் வேறொன்றை ஏற்றினால் பழையது திரும்பாது என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான். பென்டிரைவிலிருந்தே நேராகச் சுருக்கியதால் கடைக் கம்ப்யூட்டரிலும் நகல் இல்லை.

செல்வி திட்டவில்லை. திட்டவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. இயர்போனைக் கழற்றவும் இல்லை.

அவன் ஸ்டூலிலிருந்த சார்ஜர்களை வாரித் தரையில் வைத்தான். ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு, கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினான்.

அவள் உட்கார்ந்தாள்.

கதையில் யாரோ ஒருவன் காட்டு வழியே தனியாகப் போய்க்கொண்டிருந்தான். நடந்து நடந்து அவனுக்குக் காலெல்லாம் நோவுது என்றார் புலவர். சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அந்த நிறுத்தம் குடத்துக்காரருக்கு உரியது. அவர் ஆமா போட்டால்தான் கதை மேலே நகரும். இப்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

“ஆமா,” என்றாள் பாண்டிச்செல்வி.

புலவர் அடுத்த அடிக்குப் போனார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. டீயைக் குடித்துவிட்டுப் போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும், கேட்டு ஆமா சொல்ல ஒரு குரல் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.