கடலோரமாகவே கூட்டி வரலாம்

"கடலோரப் பாதை வேண்டாம் தோபிலே. எத்தனை ஆறு, எத்தனை பாலம்! ஏதாவது ஒரு பாலத்துல கூப்பிட மறந்து மெலுசி பின்தங்கிட்டான்னா?" என்றார் பெக்கி, அவள் கணவனின் அண்ணன்.

தோபிலே வரைபடத்திலிருந்து நிமிரவில்லை. "நைஸ்னாவுல அவரை ஏத்திக்குவோம். அப்புறம் காடு, சின்னச் சின்ன ஊரு, கடல். கல்யாணமான நாள்லேருந்து அவர் ஆசைப்பட்ட பயணம், அத்தான்."

"பிடிவாதக்காரி! சரி, நீ ஓட்டு. ஆனா அவன் ஏறினப்புறம் வீடு வர்ற வரைக்கும் நான் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவன்கிட்ட மட்டும்தான்."

அவள் வரைபடத்தை மடித்தாள். "கூப்பிட்டா வருவாரா?"

"வரணும். வரலைன்னா அங்கேயேதான் அலைவான்."

நைஸ்னாவைத் தாண்டிய வளைவில் காரை நிறுத்தினாள். தார்ச்சாலையில் அந்த விபத்தில் லாரி இழுத்த கறுப்புத் தடம் இன்னும் அழியவில்லை. மெலுசியின் உடலை ஊரில் புதைத்தாயிற்று. உயிரைத்தான் அழைத்துப் போக வந்திருந்தார்கள்.

பெக்கி மண்டியிட்டு, இறந்தவரின் உயிர் ஏறிவர வழக்கப்படி கொண்டுவந்திருந்த முட்கிளையை அந்தத் தடத்தின்மேல் மெல்ல வைத்தார்.

"எந்திரிடா தம்பி. உன் பொண்டாட்டி வந்திருக்கா. வீட்டுக்குப் போகலாம்."